ஒரே விளக்கு, இரண்டு கோளாறு!
பழைய பிக்கப்பில் அடிக்கடி எரிந்த என்ஜின் லைட்டும், அதைக் காட்டிக்கொடுத்த பால் கணக்கும்

ஒட்டன்சத்திரத்திலிருந்து பாச்சலூர் போகிற மலைப்பாதையின் அடிவாரத்தில் வீடு. மேலே மலையில் 3 ஏக்கரில் சௌசௌ பந்தல், ஓரங்களில் கொஞ்சம் காபி. வீட்டில் 4 மாடுகள். மாட்டு எரு மலைக்கு ஏற வேண்டும். சௌசௌ மலையிலிருந்து இறங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் வாடகை வண்டிதான். ஒரு நடைக்கு 1,800 ரூபாய். வாடகைகூடப் பெரிய விஷயமில்லை. வண்டிக்காரர் வருகிற நேரம்தான் நேரம். கேரளாவுக்கு லோடு ஏற்றும் வியாபாரிகள் வாங்கி முடித்த பிறகு மண்டிக்குப் போய்ச் சேர்ந்தால், சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

அதனால்தான் அந்த விவசாயி பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். 2018 மாடல், மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர். விலை 4,60,000 ரூபாய். கையில் இருந்தது ஒன்றரை லட்சம். மீதிக்கு மனைவியின் நகை வங்கிக்குப் போனது.

வண்டி வந்து மூன்றாவது வாரத்தில் மீட்டர் போர்டில் மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட விளக்கு எரிந்தது. எரு ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது திடீரென்று புல்லிங் போய்விட்டது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துப் போட்டதும் ஒன்றும் நடக்காதது போல ஏறியது. விளக்கு மட்டும் அணையவில்லை.

அடுத்த நான்கு மாதங்களில் அந்த விளக்கு 11 முறை எரிந்தது.

மாற்றிய பாகங்கள், மாறாத கோளாறு

முதல் பட்டறையில் ஸ்கேனரை மாட்டினார்கள். ‘கோட் வந்திருக்கு, அழிச்சாச்சு’ என்றார்கள். 500 ரூபாய். ஆறாம் நாள் மறுபடி எரிந்தது. இரண்டாவது பட்டறையில் காற்றழுத்த சென்சாரை மாற்றினார்கள். 4,200 ரூபாய். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வந்த வேலையெல்லாம் இறக்க நடைதான். விளக்கு எரியவில்லை. ‘சரியாயிடுச்சு’ என்று நினைத்த நேரத்தில் மறுபடி எரிந்தது. மூன்றாவது இடத்தில், புகையை என்ஜினுக்குத் திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டிக் கொடுத்தார்கள். 3,500 ரூபாய். நான்காவதாகப் பார்த்தவர், ‘டர்போ போயிடுச்சு. மாத்தணும்னா 38,000 ஆகும்’ என்று சொல்லிவிட்டார்.

அன்று இரவு வீட்டில் பேச்சு வண்டியை விற்பதைப் பற்றித்தான். புரோக்கர் 3,20,000 வரை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். நகைக் கடனை அடைத்தால் கையில் நிற்பது சொற்பம். மறுபடியும் வாடகை வண்டி, மறுபடியும் காத்திருப்பு.

பட்டறைக்காரர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. வண்டி அவர்களிடம் போகும்போதெல்லாம் காலி வண்டியாகப் போனது, அரை மணி நேரம் நின்ற இடத்தில் உறுமியது, ஒழுங்காக ஓடியது. கோளாறு வெளியே வருவது லோடு ஏற்றி மேட்டில் ஏறும்போது. அந்த நேரத்தில் பக்கத்தில் மெக்கானிக் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

விளக்கு என்ன சொல்கிறது?

2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்-4 விதி வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6. இந்தக் காலத்து டீசல் வண்டிகளில் எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும், எப்போது பீய்ச்ச வேண்டும் என்பதையெல்லாம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டிதான் முடிவு செய்கிறது. காற்றழுத்தம், தண்ணீர் சூடு, டீசல் குழாயின் அழுத்தம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார். ஏதாவது ஒன்று எல்லையைத் தாண்டினால் பெட்டி மூன்று வேலைகளைச் செய்யும். மஞ்சள் விளக்கைப் போடும். என்ன தப்பு என்பதை ஒரு எண்ணாகப் பதிந்துகொள்ளும். அந்தத் தப்பு நடந்த நொடியில் என்ஜின் எத்தனை சுற்று ஓடியது, வண்டி என்ன வேகத்தில் போனது, தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுதிவைக்கும். கோளாறு பெரிதென்று பட்டால், என்ஜினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிடும். மலையில் புல்லிங் போனதற்குக் காரணம் அதுதான்.

கவனிக்க வேண்டிய விஷயம், விளக்கு ஒன்றுதான். அதன் பின்னால் இருக்கக்கூடிய எண்கள் நூற்றுக்கணக்கானவை. காய்ச்சல் வந்த மாட்டுக்குத் தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் தெரியும். மடிவீக்கமா, அடைப்பானா என்று தெரியாது. அதுபோலத்தான் இதுவும். ஸ்கேனரில் எண்ணைப் படிக்காமல் அழித்தால், அந்த நொடியின் கணக்கும் சேர்ந்து அழிந்துபோகும். பல வண்டிகளில் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் இதேதான் நடக்கும். விளக்கு அணையும்; துப்புப் போய்விடும்.

காலண்டரில் இருந்த பதில்

விற்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, பழனி ரோட்டில் வண்டி வயரிங் வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன் ஒருவரை வீட்டுக்கே வரச் சொன்னார் விவசாயி. முப்பது வயதுக்காரர். வந்தவர் ஸ்கேனரை எடுப்பதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்டார்.

“எப்பண்ணே எரியுது?”

“எப்பவும்தான் தம்பி எரியுது.”

“அப்படிச் சொன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. மேட்டுலயா, எறக்கத்துலயா? லோடோடயா, காலியாவா? காத்தாலயா, சாயங்காலமா?”

விவசாயிக்குச் சொல்லத் தெரியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். காலை, மாலை பால் கணக்கு, சினை ஊசி போட்ட தேதி, எரு ஏற்றிய நாள், மழை பெய்த நாள் எல்லாம் அதில்தான் எழுதுவார். வண்டி தகராறு செய்த நாளிலெல்லாம் ‘லைட்’ என்று ஒரு சின்னக் குறிப்பு. புல்லிங் போய்த் திட்டிக்கொண்டே வந்த நாட்களில் ‘லைட், இழுக்கலை’ என்று எழுதியிருந்தார்.

எலெக்ட்ரீஷியன் திண்ணையில் உட்கார்ந்து நான்கு மாதத் தாளையும் புரட்டினார். 11 நாட்களில் 7 நாட்கள் எரு ஏற்றிய நாட்கள். அந்த ஏழிலும் ‘இழுக்கலை’ இருந்தது. மீதி 4 நாட்கள், வண்டி இரண்டு மூன்று நாள் சும்மா நின்றுவிட்டுக் காலையில் எடுத்த நாட்கள். அந்த நான்கிலும் ‘லைட்’ மட்டும்தான். புல்லிங்கில் குறை இல்லை.

“அக்கா, நீங்கதான் பாதி வேலையை முடிச்சு வச்சிருக்கீங்க. அண்ணே, இது ஒரு கோளாறு இல்ல, ரெண்டு. ஒண்ணைச் சரி பண்ணினாலும் இன்னொண்ணு லைட்டைப் போட்டுடும். அதான் எதைப் பண்ணியும் சரியாகலைன்னு தோணியிருக்கு.”

அதன் பிறகுதான் ஸ்கேனரை மாட்டினார். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் உள்ள சாக்கெட் ஒன்று இருக்கும். அங்கேதான் மாட்ட வேண்டும். இரண்டு எண்கள் வந்தன. பி0299, பி0118. அழிக்காமல், இரண்டையும் அவற்றின் கூட இருந்த கணக்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

முதல் கோளாறு: மேட்டில் மட்டும் திறக்கும் விரிசல்

பி0299 என்றால் டர்போ கொடுக்க வேண்டிய காற்றழுத்தம் கிடைக்கவில்லை என்று பொருள். இந்த எண்ணைப் பார்த்ததும் டர்போவை மாற்றச் சொல்வது வழக்கம். ஆனால், எண் சொல்வது ‘அழுத்தம் குறைவு’ என்பதை மட்டும்தான். டர்போ தள்ளும் காற்று ரப்பர் ஹோஸ் வழியாக இன்டர்கூலருக்குப் போய், அங்கே சூடு தணிந்து, இன்னொரு ஹோஸ் வழியாக என்ஜினுக்குள் நுழைகிறது. இந்த வழியில் எங்கே ஓட்டை இருந்தாலும் இதே எண்தான் வரும். ஏர் ஃபில்டர் அடைத்தாலும் வரலாம்.

மறுநாள் வழக்கம்போல எரு ஏற்றி, எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் ஸ்கேனருடன் உட்கார, வண்டி மலை ஏறியது. திரையில் இரண்டு எண்கள். ஒன்று, பெட்டி கேட்கும் காற்றழுத்தம். இன்னொன்று, உண்மையில் கிடைக்கும் அழுத்தம். சமதளத்தில் இரண்டும் ஒட்டியே ஓடின. இரண்டாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி மூன்றாவது கியரில் மிதித்ததும் கேட்பது ஏறியது, கிடைப்பது ஏறவில்லை. ‘உஸ்’ என்று சத்தம் வந்தது. பின்னால் கரும்புகை. புல்லிங் போனது.

கீழே வந்து என்ஜின் ஆறியதும், ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயை அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை விட்டு, ஹோஸ்களின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். மேலே பார்வைக்குத் தெரிகிற பக்கமெல்லாம் நன்றாக இருந்தது. இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் கீழ் வளைவில் நுரை கொப்பளித்தது. கைவிட்டுத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு. டர்போ ஹோஸ்களில் எப்போதும் கொஞ்சம் ஆயில் ஆவி படியும். வருடக்கணக்கில் அது ரப்பரை இளக்கிவிடும். விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. நின்ற இடத்தில் ஓடும்போது டர்போவில் அழுத்தமே இருக்காது; அதனால் வெடிப்பும் மூடியே இருக்கும். லோடு ஏற்றி மிதித்தால் வாயைத் திறக்கும்.

டர்போவின் உள் தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை, டர்போ நன்றாக இருந்தது. ஹோஸும் கிளாம்புகளும் சேர்த்து 2,100 ரூபாய்.

இரண்டாவது கோளாறு: மைனஸ் 40 டிகிரி

பி0118 என்பது என்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாரின் வயர் சுற்றில் கோளாறு என்று சொல்வது. அந்தக் கோட் விழுந்த நொடியில் பதிவான சூடு மைனஸ் 40 டிகிரி. காஷ்மீரில்கூட ஊர்ப்பக்கம் அப்படிக் குளிராது, ஒட்டன்சத்திரத்தில் எப்படி? நடக்கவே முடியாத அளவு ஒன்று திரையில் தெரிந்தால், கோளாறு பெரும்பாலும் என்ஜினில் இருக்காது. சென்சாரிலோ அதற்குப் போகும் வயரிலோதான் இருக்கும். வயர் அறுந்தால் பல வண்டிகளில் பெட்டி இந்த எண்ணைத்தான் காட்டும்.

சென்சாரை மாற்றிவிடலாம் என்று விவசாயி சொன்னார். “இருங்கண்ணே, காசு செலவில்லாம ஒண்ணு பார்ப்போம்” என்று சொல்லி என்ஜினை ஓடவிட்டார் எலெக்ட்ரீஷியன். திரையில் 82 டிகிரி. வயர்க் கட்டை சென்சாரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சாணாகப் பிடித்து மெதுவாக ஆட்டிக்கொண்டே வந்தார். பேட்டரித் தட்டுக்குக் கீழே வந்ததும் 82 சட்டென்று மைனஸ் 40 ஆனது. விட்டால் மறுபடி 82. அந்த இடத்து டேப்பைப் பிரித்தார். எலி கடித்திருந்தது. இரண்டு மூன்று செம்பு இழைகளில் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே வைக்கோலும் நெல் உமியுமாக ஒரு கூடு.

வண்டியை நிறுத்துவது வைக்கோல் போரை ஒட்டி. ஓடி வந்து நிற்கிற என்ஜின் இதமான சூட்டோடு இருக்கும். எலிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டு மூன்று நாள் வண்டி நின்றால் அது அங்கேயே குடியிருக்கும். இரவில் நடமாடும்போது அந்த இழைகள் விலகும். வண்டி ஓடும் ஆட்டத்தில் சில நேரம் தானாகச் சேர்ந்துகொள்ளும். இதனால்தான் பட்டறைக்குப் போகும்போதெல்லாம் கோளாறு இல்லை.

வயரை வெட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு, மேலே பிளாஸ்டிக் வளையக் குழாயை மாட்டினார். முறுக்கிக் கட்டி டேப் சுற்றினால் மலைப்பாதையில் ஆறு மாதம் தாங்காது. கூலியோடு 700 ரூபாய். வண்டியை இப்போது வைக்கோல் போரிலிருந்து தள்ளி, களத்தின் நடுவில் நிறுத்துகிறார்கள். நின்றதும் கொஞ்ச நேரம் பானெட்டைத் திறந்து வைத்துச் சூடு ஆறவிடுகிறார்கள். எலி மருந்தை மட்டும் என்ஜின் பக்கம் வைக்கவில்லை. வீட்டில் நாயும் கோழியும் இருக்கின்றன.

இரண்டு வேலையும் முடிந்த பிறகுதான் கோட்களை அழித்தார்கள். மறுபடி எரு ஏற்றி மலை ஏறி, திரும்பி வந்து ஸ்கேனரில் பார்த்து, எதுவும் பதியவில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள்.

மொத்தச் செலவு 2,800 ரூபாய், அவர் வந்து பார்த்ததற்கும் மலை ஏறியதற்கும் தனியாக 1,200. வண்டி விற்கப்படவில்லை. சௌசௌ சீசனில் வாரத்துக்கு மூன்று நடை ஓடியதில், மிச்சமான வாடகை நகைக் கடனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

சிவப்பு எரிந்தால் ஓட்டக் கூடாது

இங்கே சொன்னதெல்லாம் மஞ்சள் விளக்கைப் பற்றி. மஞ்சள் நிலையாக எரிந்து, வண்டி ஒழுங்காக ஓடினால், மெதுவாக வீடு வந்து சேரலாம். ஆனால், நாட்கணக்கில் அப்படியே விடக் கூடாது. மினுக்கினாலோ, கரும்புகை, சத்தம், புல்லிங் குறைவு இருந்தாலோ லோடோடு மேடு ஏறக் கூடாது.

சிவப்பு விளக்கு வேறு. ஆயில் கேன் படம் சிவப்பில் எரிந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை அணைக்க வேண்டும். இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தால் பேரிங்குகள் போய்விடும். தெர்மாமீட்டர் படம் சிவப்பில் எரிந்தாலும் நிறுத்த வேண்டும். சூடு ஆறுவதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. பேட்டரி படம் சிவப்பில் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. சில வண்டிகளில் அந்த பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது; பெல்ட் அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததைச் சொல்லும் விளக்கு தனி. கேனிலும் பேரலிலும் டீசல் வைத்து ஊற்றும் தோட்டங்களில் இது அதிகம் எரியும். ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். விட்டால், அழுத்தத்தில் வேலை செய்யும் பம்பும் இன்ஜெக்டர்களும் துருப்பிடிக்கும்; அந்தச் செலவு டர்போவைவிடப் பெரிது. பி.எஸ்-6 வண்டிகளில் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் சின்ன நடையாகவே ஓட்டினால் அதில் கரி சேர்ந்து விளக்கு எரியும். கையேட்டில் சொன்னபடி தொடர்ந்து கொஞ்ச தூரம் நல்ல வேகத்தில் ஓட்டினால் கரி எரிந்து விளக்கு அணையும்.

பழைய பிக்கப் வாங்கும் முன்…

சாவியைத் திருப்பி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டர் போர்டைப் பார்க்க வேண்டும். என்ஜின் விளக்கு, ஆயில் விளக்கு, பேட்டரி விளக்கு மூன்றும் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டபோது என்ஜின் விளக்கு எரியவே இல்லை என்றால், வண்டி சுத்தமாக இருக்கிறது என்று பொருளல்ல. விளக்கை யாரோ பிடுங்கியிருக்கலாம்.

ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. கோட் எதுவும் இல்லாமல், ‘பரிசோதனைகள் இன்னும் முடியவில்லை’ என்று காட்டினால், சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்கள். போனோடு இணைக்கும் சின்ன ஸ்கேனர்கள் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. எல்லா பிக்கப்போடும் அவை ஒத்துப்போகாது என்பதால், அதே மாடல் வைத்திருப்பவரிடம் கேட்டுவிட்டு வாங்கலாம்.

காலி வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது போதாது. முடிந்தால் அரை லோடாவது ஏற்றி ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அந்தத் தயக்கத்தையும் விலைபேசும்போது கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு விளக்கு எரிந்தால், தேதி, லோடு, மேடா சமதளமா, எத்தனை நாள் நின்ற வண்டி, புல்லிங் குறைந்ததா என்ற ஐந்தையும் எழுதிவைக்க வேண்டும். பட்டறையில் கோடை அழிப்பதற்கு முன் அந்த எண்ணை எழுதி வாங்க வேண்டும். பாகம் மாற்றச் சொன்னால், ‘இதுதான் போயிருக்குன்னு எப்படிங்க பார்த்தீங்க?’ என்று கேட்கலாம். சரியாகப் பார்த்த மெக்கானிக் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்.